அம்மாவின் கல்ச்சர் ரிப்போர்ட்டும் 'கிராம் நெகட்டிவ்'வும்: பாக்டீரியாவை எதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள்?

வாசற்படி:
அம்மாவுக்கு 71 வயது. போன மாதம் சிறுநீர்த் தொற்று வந்து மூன்று நாள் காய்ச்சல். இப்போது நன்றாக இருக்கிறார், அதனால் வைத்திய ஆலோசனை கேட்டு எழுதவில்லை. குழப்பம் ரிப்போர்ட்டில்தான். முதல் நாள் வந்த தாளில் 'கிராம் நெகட்டிவ் பேசில்லை' என்று மட்டும் இருந்தது. இரண்டு நாள் கழித்து வந்த தாளில் 'எஷ்செரிச்சியா கோலை, ஒரு மில்லிக்கு 1 லட்சத்துக்கு மேல்', அதன் கீழே மருந்துகளின் பட்டியல், பக்கத்தில் எஸ் என்றும் ஆர் என்றும் எழுத்துகள். நான் பத்தாம் வகுப்பில் படித்தது மொனிரா, புரோட்டிஸ்டா, பூஞ்சை, தாவரம், விலங்கு. அதில் பாக்டீரியா எல்லாம் ஒரே பெட்டி. பேசில்லஸ் என்றால் அது தனியாக ஒரு பாக்டீரியாவின் பெயர் இல்லையா, அப்புறம் எப்படி கோலை ஆனது? கிராம் என்றால் எடையா, ஆளா? எட்டாவது படிக்கும் மகள் கேட்கிறாள், எனக்குப் பதில் தெரியவில்லை. இதில் மச்சான் வேறு, "இப்பல்லாம் ஜீனை வச்சுத்தான் பிரிக்கிறாங்க, கிராம் எல்லாம் பழைய கதை" என்கிறான். எது சரி?

சும்மா_சுந்தரம்:
நெகட்டிவ் என்று பார்த்ததும் 'அப்பாடா, ஒன்றுமில்லை' என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்த ஆள் நான். டாக்டர் சிரித்துவிட்டார். தொடருங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன்.

ஊதாச்சாயம்:
லேபில் 19 வருடமாக இதைத்தான் செய்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கிராம் ஓர் ஆள். டென்மார்க்காரர். அவர் கண்டுபிடித்த சாய முறையில் பாக்டீரியா ஊதாவாக நின்றால் பாசிட்டிவ், ஊதாவை விட்டுவிட்டு இளஞ்சிவப்பாக மாறினால் நெகட்டிவ். நோய் இருக்கா இல்லையா என்பதற்கும் இந்த பாசிட்டிவ் நெகட்டிவுக்கும் சம்பந்தமே கிடையாது. சுந்தரம் சார் மாதிரி வாரத்துக்கு ஒருவராவது ரிப்போர்ட் கவுன்டரில் இதைக் கேட்காமல் இருப்பதில்லை.

செய்முறை இதுதான். ஸ்லைடில் மாதிரியை மெல்லிசாகத் தடவி, காயவைத்து, தீயின் மேல் இரண்டு மூன்று தடவை காட்ட வேண்டும், ஒட்டிக்கொள்ளும். கிரிஸ்டல் வயலட் ஊற்றி ஒரு நிமிடம். தண்ணீரில் அலசி, அயோடின் கரைசல் ஒரு நிமிடம். இந்த நிலையில் எல்லா பாக்டீரியாவும் கத்தரிப்பூ நிறத்தில்தான் இருக்கும். அடுத்து ஸ்பிரிட்டோ அசிட்டோன் கலவையோ விட வேண்டும், அங்கேதான் வித்தையே. ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஊதா வழிந்து ஓடும். ஓடுவது நின்று நிறமில்லாத சொட்டு விழுந்த அந்த நொடியில் தண்ணீர் காட்டிவிட வேண்டும். நாலு நொடி கூடினால் பாசிட்டிவும் வெளுத்துவிடும், குறைந்தால் நெகட்டிவும் ஊதாவாகவே நிற்கும். கடைசியில் சாஃப்ரனின், இளஞ்சிவப்பு. எண்ணெய் விட்டு 1000 மடங்கு பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

சேர்ந்த புதிதில் ஒரு சீழ் மாதிரி. போன் வந்தது, பேசிக்கொண்டே ஸ்பிரிட் விட்டுக்கொண்டிருந்தேன். பார்த்தால் திராட்சைக் குலை மாதிரி கோளங்கள், எல்லாம் ரோஸ் கலர்! கிராம் நெகட்டிவ் கோளம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சீனியர் மேடம் ஸ்லைடை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஸ்டெபைலோகாக்கஸ் எப்போதிலிருந்து ரோஸ் ஆச்சு?" என்று ஒரே கேள்வி. ஸ்டெபைலோ என்றாலே கிரேக்கத்தில் திராட்சைக் குலை, அது ஊதாவாகத்தான் இருக்க வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் தெரிந்த ஸ்டெபைலோவையும் தெரிந்த ஈ. கோலையையும் தனியாக ஒரு ஸ்லைடில் தடவி, அதையும் கூடவே சாயம் போடுவேன். அது ஒழுங்காக வந்தால்தான் மற்றதை நம்புவேன்.

பேசில்லை விஷயம்: கோல் மாதிரி நீளமாக இருக்கிற எதையும் பேசில்லை என்போம், அது வடிவத்துக்கான சொல். பேசில்லஸ் என்று ஒரு பேரினமும் இருக்கிறது, அதுவும் கோல் வடிவம்தான், ஆனால் கிராம் பாசிட்டிவ். ஊரில் எல்லாக் கறுப்பு ஆட்களையும் கருப்பா என்று கூப்பிடுவோம், கருப்பையா என்று ஒருத்தர் பெயரே இருக்கும், அந்த மாதிரிதான். உங்கள் அம்மா ரிப்போர்ட்டில் முதல் நாள் நாங்கள் பார்த்தது நிறமும் வடிவமும் மட்டும். ஆளின் பெயர் சொல்ல அதைத் தட்டில் வளர்த்தாக வேண்டும், அதற்கு ஒரு ராத்திரி. எந்த மருந்துக்குச் சாகும் (எஸ்), எதற்குச் சாகாது (ஆர்) என்று பார்க்க இன்னொரு ராத்திரி.

வாசற்படி:
அருமை அண்ணா, மகளிடம் அப்படியே படித்துக் காட்டினேன். அவள் அடுத்த கேள்வி தயாராக வைத்திருக்கிறாள்: ஒன்று சாயத்தைப் பிடித்துக்கொள்கிறது, இன்னொன்று விட்டுவிடுகிறது, ஏன்?

பழைய_வாத்தியார்:
கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பெண்ணின் கேள்வி சரியான கேள்வி, ஏனென்றால் கிராமுக்கே அதற்கு விடை தெரியாது.

1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் பெர்லினில் ஒரு மருத்துவமனைப் பிணவறையில் கார்ல் ஃப்ரீட்லேண்டர் என்பவரிடம் வேலை பார்த்தார். நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரலைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் திசுவுக்கும் பாக்டீரியாவுக்கும் வித்தியாசம் தெரியாது, எல்லாம் ஒரே நிறம். திசு வெளுத்து பாக்டீரியா மட்டும் நிறத்தோடு நிற்க ஒரு வழி தேடினார். பாக்டீரியாவை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பது அவர் எண்ணமே இல்லை. சில பாக்டீரியாவும் திசுவோடு சேர்ந்து வெளுத்துப்போனதை அவர் முறையின் குறையாகத்தான் பார்த்தார், குறையுள்ள முறை என்று தன் கட்டுரையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தக் குறைதான் இன்று உலகம் முழுக்க முதல் பரிசோதனை. வெளுத்துப்போனவற்றுக்குச் சிவப்பு ஏற்றும் கடைசிப் படி பிற்பாடு மற்றவர்கள் சேர்த்தது.

காரணம் சுவரில் இருக்கிறது. பாக்டீரியாவைச் சுற்றி பெப்டிடோகிளைக்கான் என்ற வலை உண்டு, சர்க்கரைச் சங்கிலிகளைக் குட்டிப் புரத இழைகளால் குறுக்கே முடிந்த வலை. கிராம் பாசிட்டிவில் இது பல அடுக்கு, 20 முதல் 80 நானோமீட்டர் வரை கனம். கிராம் நெகட்டிவில் பத்து நானோமீட்டருக்கும் கீழே, ஓர் அடுக்கோ இரண்டோதான். ஆனால் அதற்கு வெளியே இன்னொரு கொழுப்புச் சவ்வு இருக்கும், பாசிட்டிவில் அது கிடையாது. கனமான சாக்கை ஏழெட்டாக மடித்துச் சுற்றிய மூட்டை ஒன்று. மெல்லிய மல்லுத்துணி சுற்றி மேலே எண்ணெய்த்தாள் போர்த்திய மூட்டை இன்னொன்று. கிரிஸ்டல் வயலட்டும் அயோடினும் உள்ளே போய்ச் சேர்ந்து பெரிய கட்டியாகிவிடும். ஸ்பிரிட் பட்டதும் கன வலையின் நீர் வற்றிக் கண்கள் இறுகிவிடும், கட்டி வெளியே வர முடியாது. மற்றதில் எண்ணெய்த்தாள் ஸ்பிரிட்டில் கரைந்துபோகும், உள்ளே இருக்கிற மெல்லிய துணியால் எதையும் பிடித்துவைக்க முடியாது.

சாயத்துக்கு மட்டும் இல்லை, மருந்துக்கும் இந்தச் சவ்வுதான் தடை. வான்கோமைசின் பெரிய மூலக்கூறு, வெளிச் சவ்வின் துளைகள் வழியாக நுழையாது. அதனால்தான் உங்கள் அம்மாவின் பட்டியலில் அந்தப் பெயரே இருந்திருக்காது, தேடிப் பாருங்கள். அந்தச் சவ்வின் வெளிப்பக்கத்தில் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு பொருள் மண்டிக் கிடக்கும், லிப்போபாலிசாக்கரைடு. பாக்டீரியா செத்து உடையும்போது அது ரத்தத்தில் கலந்தால் உடம்பு வெறிகொண்டு எதிர்க்கும். குளிர் நடுக்கம், ரத்த அழுத்தம் சரிவது எல்லாம் அதனால்தான்.

ஜீன்பித்தன்:
வாத்தியார் சொன்னதெல்லாம் சரி, ஆனால் கேள்வி 'எப்படி வகைப்படுத்துகிறார்கள்' என்பது. அதற்கு கிராம் பதில் இல்லை. கிராம் நெகட்டிவ் ஒரு இனம் கிடையாது, அது ஒரு சட்டை. ஒரே கலர் சட்டை போட்டவர்கள் எல்லாம் பங்காளிகள் ஆகிவிடுவார்களா?

1872இல் ஃபெர்டினாண்ட் கோன் வடிவத்தை வைத்துப் பிரித்தார்: கோளம், கோல், சுருள். அப்புறம் சாயம், அப்புறம் எந்தச் சர்க்கரையைப் புளிக்க வைக்கிறது, ஆக்சிஜன் வேண்டுமா வேண்டாமா என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். 1923இல் பெர்ஜி கையேடு வந்தது, அதுவும் முதலில் 'எப்படி அடையாளம் காண்பது' என்கிற நோக்கம்தான். யார் யாருக்கு உறவு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சொல்ல வழி கண்டது கார்ல் வோஸ். ரைபோசோம் இல்லாத உயிர் கிடையாது, அதிலுள்ள ஆர்என்ஏ மிக மெதுவாகத்தான் மாறும். அதில் 16எஸ் என்கிற துண்டு, சுமார் 1500 எழுத்து நீளம், அதை ஒவ்வொரு பாக்டீரியாவிலும் எடுத்து ஒப்பிட்டால் கொடிவழி தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் முழுசாகப் படிக்கிற இயந்திரம் இல்லை. ஆர்என்ஏவைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, எக்ஸ்ரே பிலிமில் புள்ளிகளாக விழவைத்து, வருடக்கணக்கில் விளக்குப் பெட்டி முன்னால் உட்கார்ந்து புள்ளி பார்த்த மனுஷன் அவர். 1977இல் அவரும் ஜார்ஜ் ஃபாக்ஸும் மீத்தேன் உண்டாக்கும் 'பாக்டீரியா'வை இப்படிப் பார்த்தபோது அது பாக்டீரியாவோடு சேரவே இல்லை. தனி வம்சம்! இன்று ஆர்க்கியா என்கிறோம். மாட்டுச் சாணத்தைப் போட்டு எரிவாயு எடுக்கும் கலம் ஊர்ப்பக்கம் பார்த்திருப்பீர்கள், அதில் கடைசியில் மீத்தேனை விடுவது இந்த ஆர்க்கியாதான். அவற்றின் சுவரில் பெப்டிடோகிளைக்கானே கிடையாது. நுண்ணோக்கியில் பார்த்தால் பாக்டீரியா மாதிரியே இருக்கும்.

ஆக மொனிரா என்கிற ஒரே பெட்டி 1977லேயே உடைந்தது. 1990இல் பாக்டீரியா, ஆர்க்கியா, நாமெல்லாம் இருக்கிற யூகேரியா என்று மூன்று கிளையாக வைத்தார்கள். பள்ளிப் புத்தகத்தின் ஐந்துலகம் 1969இல் விட்டேக்கர் போட்டது. மச்சான் சொன்னது சரி.

ஊதாச்சாயம்:
சட்டை என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள் தம்பி. ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு ஒரு குழந்தையின் தண்டுவட நீர் வருகிறது. மூளைக்காய்ச்சல் சந்தேகம். நீர் கலங்கியிருக்கிறது. டாக்டர் வாசலிலேயே நிற்கிறார். நான் 16எஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு நாளை மறுநாள் வாருங்கள் என்று சொல்லவா? பத்து நிமிடத்தில் சாயம் போட்டுப் பார்த்தேன். ஊதா நிறம், இரண்டிரண்டாக, வேல்முனை மாதிரி கூர்ந்த கோளம் என்றால் நிமோகாக்கஸ். ரோஸ் நிறம், இரண்டு காப்பிக்கொட்டை முகம் பார்த்து உட்கார்ந்த மாதிரி, அதுவும் சீழ் செல்லுக்கு உள்ளேயே என்றால் மெனிங்கோகாக்கஸ். போனிலேயே சொல்லிவிடுவேன். எந்த மருந்தைத் தொடர்வது, வீட்டில் மற்றவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுப்பதா என்பதற்கெல்லாம் அதுதான் முதல் தகவல். கொடிவழியை வைத்துக்கொண்டு அந்த ராத்திரி என்ன செய்வது?

சும்மா_சுந்தரம்:
சண்டை நல்லா போகுது. டீ சொல்லிட்டேன்.

பழைய_வாத்தியார்:
இரண்டு பேரும் ஒரே சொல்லை இரண்டு வேலைக்குப் பயன்படுத்துகிறீர்கள். அடையாளம் காண்பது வேறு, வம்சம் சொல்வது வேறு. போலீஸ்காரருக்கு மச்சமும் உயரமும் போதும், கல்யாணத் தரகருக்குக் குலம் கோத்திரம் வேண்டும். ஆனாலும் ஜீன்பித்தனுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும்: சட்டை அவ்வளவு கண்டபடி மாறுவதும் இல்லை. கனச் சுவர்க்காரர்கள் பெரும்பாலும் இரண்டே வம்சத்தில் அடங்கிவிடுவார்கள். ஒன்று பழைய பெயரில் ஃபர்மிக்யூட்ஸ்: பேசில்லஸ், ஸ்டெபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், கிளாஸ்ட்ரிடியம், தயிர் பாக்டீரியா. இன்னொன்று ஆக்டினோபாக்டீரியா: ஸ்ட்ரெப்டோமைசிஸ், டிப்தீரியா கிருமி. மழை பெய்ததும் எழும் மண்வாசனை பெரிதும் அந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் உண்டாக்குவது. அப்படியானால் சாயம் ஒன்றுமில்லாத குறி அல்ல.

சாயம் தோற்கிற இடங்கள்தான் எனக்கு வகுப்பில் பிடித்த இடம். காசநோய்க் கிருமிக்கு மைக்காலிக் அமிலம் என்ற மெழுகுப் பூச்சு உண்டு, கிராம் சாயம் அதில் ஒழுங்காக ஏறாது. கார்பால் ஃபக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி ஆவி வரும் வரை அடியில் சூடு காட்டினால்தான் ஏறும். ஏறிவிட்டால் 20 சதவீதக் கந்தக அமிலத்தைக் கொட்டினாலும் இறங்காது. நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சியாகத் தெரியும். வம்சப்படி அது ஆக்டினோபாக்டீரியா பக்கம், கிராம் பாசிட்டிவ்களின் பங்காளி. மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது, எதில் சாயம் ஏறும்? பென்சிலின் சுவர் கட்டுவதைத்தான் தடுக்கும், கட்டாதவனை அது என்ன செய்யும். வம்சம் பார்த்தால் அதுவும் கனச் சுவர்க்காரர்களிடமிருந்து சுவரைத் தொலைத்துவிட்டு வந்தது. கதிர்வீச்சுக்குச் சாகாத டைனோகாக்கஸ் ஊதாவாகச் சாயம் பிடிக்கும், ஆனால் வெளிச் சவ்வும் வைத்திருக்கும். நம் வாயில் இருக்கும் வெய்லோனெல்லா ரோஸ் நிறம், வெளிச் சவ்வு உண்டு, ஆனால் பிறந்தது ஃபர்மிக்யூட்ஸ் வீட்டில்.

இன்னொன்று, தட்டில் நாலு நாள் கிடந்த பழைய பேசில்லஸை எடுத்துச் சாயம் போட்டால் பாதி ஊதா, பாதி ரோஸ் வரும். சுவர் கிழடு தட்டிவிடும். மாணவர்கள் கலப்படம் ஆகிவிட்டது என்று அழாத குறையாக வந்து நிற்பார்கள்.

கடைமடை:
நான் நாகை பக்கம் விவசாயி. ஆஸ்பத்திரிக்கு வெளியேயும் பாக்டீரியா இருக்கிறது என்று ஞாபகப்படுத்த வந்தேன். நாற்றை அசோஸ்பைரில்லம் கரைசலில் வேர் நனைத்து நடுகிறோம். விதைக்குக் கிலோவுக்கு பத்து கிராம் சூடோமோனாஸ் கலக்கிறோம். பாஸ்போபாக்டீரியா பாக்கெட் தனி. வயலில் நீலப்பச்சைப் பாசி. வறட்சி வந்தால் பிபிஎஃப்எம் என்று ரோஸ் கலரில் ஒரு திரவம் தெளிக்கச் சொல்கிறார்கள். உளுந்து வேரைப் பிடுங்கிப் பார்த்தால் முடிச்சு, நகத்தால் கிள்ளினால் உள்ளே ரத்தம் மாதிரி சிவப்பாக இருக்கும், அப்படி இருந்தால்தான் தழைச்சத்து பிடிக்கிறது என்று அர்த்தம், வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை செய்யவில்லை. இவையெல்லாம் ஒரே கூட்டமா? ஒன்றாகக் கலந்து போடலாமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்.

பழைய_வாத்தியார்:
கடைமடை ஐயா, உங்கள் பாக்கெட்டுகளே ஒரு பாடப்புத்தகம். கலப்பது பற்றி உங்கள் வட்டார வேளாண் அலுவலரைக் கேளுங்கள், நான் உறவுமுறை மட்டும் சொல்கிறேன். வேர் முடிச்சு ரைசோபியம், அசோஸ்பைரில்லம், பிபிஎஃப்எம்மில் இருக்கும் மெத்திலோபாக்டீரியம் மூன்றும் ஆல்ஃபா புரோட்டியோபாக்டீரியா என்ற ஒரே வகுப்பு. சூடோமோனாஸ் அதன் பக்கத்து வீடு, காமா. வாசற்படி அம்மாவைப் படுத்திய ஈ. கோலையும், காலரா கிருமியும் அந்தக் காமா வீடுதான். எல்லாம் கிராம் நெகட்டிவ். நீலப்பச்சைப் பாசி பாசியே இல்லை, சயனோபாக்டீரியா, தனித் தொகுதி. ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் விடும் பாக்டீரியா அது ஒன்றுதான். இலையில் இருக்கும் பசுங்கணிகமே ஒரு காலத்தில் விழுங்கப்பட்ட சயனோபாக்டீரியாவின் வாரிசு. நம் செல்லில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஆல்ஃபா வகுப்பின் உறவு. உங்கள் உளுந்து முடிச்சுக்கும் உங்களுக்கும் அப்படி ஒரு தூரத்துச் சொந்தம்.

பாஸ்போபாக்டீரியா என்பது மட்டும் இனப்பெயர் இல்லை, தொழில்பெயர். மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் யாரையும் அப்படிச் சொல்லலாம். பாக்கெட்டில் பெரும்பாலும் பேசில்லஸ் மெகடீரியம் இருக்கும், கிராம் பாசிட்டிவ், வித்து உண்டாக்கும் இனம்.

ஜீன்பித்தன்:
மெகடீரியம் இப்போது பேசில்லஸ் இல்லை வாத்தியாரே, 2020இலிருந்து பிரீஸ்டியா மெகடீரியம். :)

அடுப்பங்கரை:
அந்தப் பெயர் மாற்றக் கொடுமையைக் கேளுங்கள். டாக்டர் எழுதிய புரோபயாடிக் மாத்திரை, முன்பு வாங்கின அட்டையில் லாக்டோபேசில்லஸ் என்று இருந்தது, இப்போது லாக்டிகேசிபேசில்லஸ். போலி மருந்து என்று கடைக்காரரிடம் சண்டையே போட்டுவிட்டேன்!

ஜீன்பித்தன்:
போலி இல்லை அக்கா. லாக்டோபேசில்லஸ் என்று 260க்கும் மேற்பட்ட சிற்றினங்களை ஒரே பையில் போட்டு வைத்திருந்தார்கள், எல்லாம் கோல் வடிவம், சர்க்கரையைப் புளிக்க வைக்கும், அவ்வளவுதான் பொருத்தம். மரபணு முழுவதையும் படித்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரம். 2020இல் 25 பேரினமாகப் பிரித்துவிட்டார்கள். அடுத்த வருடமே தொகுதிப் பெயர்களும் மாறின, நாற்பதுக்கும் மேல். ஃபர்மிக்யூட்ஸ் இப்போது பேசில்லோட்டா, புரோட்டியோபாக்டீரியா சூடோமோனாடோட்டா, ஆக்டினோபாக்டீரியா ஆக்டினோமைசிட்டோட்டா. எனக்கே இன்னும் நாக்கில் வரவில்லை. இட்லி மாவைப் பொங்க வைக்கும் லூக்கோநாஸ்டாக் மட்டும் இன்னும் அதே பெயரில் இருக்கிறது, பயப்படாதீர்கள்.

ஊதாச்சாயம்:
இதைத்தான் நான் சொல்கிறேன். நீங்கள் பாட்டுக்குப் பெயரை மாற்றிக்கொண்டே போனால் வார்டில் இருப்பவர் என்ன செய்வார்? கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் 2016இல் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் ஆனது. நல்லவேளை, சுருக்கமாக சி. டிஃப் என்றால் இரண்டுக்கும் பொருந்துகிறது. சரி, ஒரு கேள்வி. ஷிகெல்லாவும் ஈ. கோலையும் உங்கள் ஜீன் கணக்கில் என்ன?

ஜீன்பித்தன்:
மாட்டிவிட்டீர்கள். ஒரே சிற்றினம்தான். பொதுவாக இரண்டு மரபணுத் தொகுப்புகளை ஒப்பிட்டு 95 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் ஒரே சிற்றினம் என்கிறோம், ஷிகெல்லா அந்தக் கோட்டுக்கு நன்றாக உள்ளே. சீதபேதி உண்டாக்குவதால் மருத்துவர்கள் தனிப் பெயரை விடவில்லை. ஆந்த்ராக்ஸ் கிருமி, பழைய சோற்றில் வாந்தி உண்டாக்கும் பேசில்லஸ் செரியஸ், புழுவுக்கு அடிக்கும் 'பிடி' (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்), மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றேதான். முக்கிய வித்தியாசம் பெரும்பாலும் பிளாஸ்மிடில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே வைத்திருக்கும் சின்ன டிஎன்ஏ வளையத்தில். ஆந்த்ராக்ஸ் தன் விஷத்தை ஒரு வளையத்திலும் உறையை இன்னொரு வளையத்திலும் வைத்திருக்கிறது. பிளேக் கிருமியை அதன் நெருங்கிய சொந்தத்தோடு சேர்த்துத் துணையினமாக்கப் பார்த்தபோது, பெயர் குழம்பினால் ஆட்கள் சாவார்கள் என்று 1985இல் பெயர்க் குழுவே தடுத்துவிட்டது. ஒத்துக்கொள்கிறேன் அண்ணே, உறவு மட்டும் வைத்துப் பெயர் வைக்க முடியாது.

பழைய_வாத்தியார்:
பிளேக் என்றதும் காலரா ஞாபகம் வந்தது, நம் ஊர்க் கதை. விப்ரியோ காலரேவைக் கமா மாதிரி வளைந்த கோல் என்று படித்திருப்பீர்கள். அந்த ஒரே சிற்றினத்துக்குள் 200க்கும் மேல் பிரிவு. எதை வைத்து? நான் மேலே சொன்ன வெளிச் சவ்வின் லிப்போபாலிசாக்கரைடில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைத் தும்பை வைத்து. ஓ1, ஓ2 என்று எண். கொள்ளைநோயாகப் பரவுவது ஓ1 மட்டும்தான் என்று நூறு வருடமாக நம்பியிருந்தோம். 1992 கடைசியில் சென்னையில் காலரா வந்தது, ஓ1 சீரத்தோடு, அதாவது ஓ1ஐ அடையாளம் காணும் எதிர்ப்பொருள் உள்ள நீரோடு, ஒட்டவில்லை. ஸ்லைடில் கிருமிக் கரைசலையும் சீரத்தையும் வைத்து ஆட்டினால் தயிர் திரிந்த மாதிரி திட்டுத்திட்டாக வர வேண்டும், வரவில்லை. அதற்கு ஓ139 என்று எண் கொடுத்தார்கள். வங்கம் வரை பரவியது. பழைய காலராவுக்கு எதிர்ப்புச் சக்தி வளர்ந்திருந்த பெரியவர்களையும் விடவில்லை, உடம்புக்கு அது புது ஆள். பார்த்தால் அதே வளைந்த கோல், அதே ரோஸ் நிறம், ஜீனில் பார்த்தாலும் முதுகெலும்பு அதே ஓ1 தான். மாறியது மேலே இருந்த சர்க்கரைத் தும்பு. அந்த வருடம் பாடக்குறிப்பைத் திருத்தி எழுதியது இன்னும் நினைவிருக்கிறது.

வாசற்படி:
இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. அம்மாவின் பட்டியலைத் தேடிப் பார்த்தேன், வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி வான்கோமைசின் இல்லை! மகளுக்கு இப்போது கண்ணால் பார்க்க வேண்டுமாம். அவள் பள்ளியில் 400 மடங்கு நுண்ணோக்கி இருக்கிறது. தயிரில் பார்க்க முடியுமா அண்ணா?

ஊதாச்சாயம்:
தாராளமாக. தயிர் மட்டும் போதும், சாக்கடை, தொண்டைச் சளி என்று ஆராய்ச்சியில் இறங்க வேண்டாம், எதையும் வீட்டில் வளர்க்கவும் வேண்டாம். மருந்துக் கடையில் ஜென்ஷன் வயலட் கிடைக்கிறதா கேளுங்கள், வாய்ப்புண்ணுக்கு நம் பாட்டிமார் தடவிய அந்த ஊதா மருந்து, அதில் முக்கியமாக இருப்பது கிரிஸ்டல் வயலட்தான். ஒரு துளி தயிரை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, அதில் ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்துக் காயவிடுங்கள். சூடு காட்டுவதை ஆசிரியை செய்யட்டும். ஊதா ஒரு நிமிடம், அலசிப் பாருங்கள். ஒரே சாயம் என்பதால் கிராம் தெரியாது, வடிவம் தெரியும். பழைய சட்டை போட்டு அனுப்புங்கள், அந்த ஊதா போகாது.

வாசற்படி:
வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டு வந்தாள். கட்டைவிரலும் யூனிஃபார்ம் கைப்பகுதியும் ஊதா. நோட்டில் வரைந்திருக்கிறாள்: சில இடத்தில் பாசிமணி கோத்த மாதிரி கோளங்கள், சில இடத்தில் தீக்குச்சி மாதிரி கோல்கள், இரண்டு கோல் ஒட்டிக்கொண்டும் ஒன்று. ஆனால் முக்கால்வாசி இடம் ஊதாத் திட்டாக இருந்ததாம், அதெல்லாமும் பாக்டீரியாவா என்று கேட்கிறாள்.

ஊதாச்சாயம்:
பாசிமணி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை, தீக்குச்சி லாக்டோபேசில்லஸ் வகை. புதுப்பெயர் ஜீன்பித்தன் சொல்வார். திட்டு எல்லாம் பால் புரதம், அதுவும் சாயம் பிடிக்கும். அடுத்த தடவை இன்னும் நீர்க்கக் கரைக்கச் சொல்லுங்கள், முழு டம்ளர் தண்ணீர்.